மூன்று சேனல், ஒரே செய்தி

கமாவுக்குச் சாவி கொடுப்பதற்கு முன்னால் வீட்டைக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வீடு என்றால் எங்கள் அரட்டைத் தளம். ஒரு கட்டற்ற மென்பொருளைச் சம்பளமில்லாமல் வளர்த்துவரும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பேசிக்கொள்ளும் இடம். பதினான்கு சேனல்கள். ஆறு வருடமாக நான் ஒருவன்தான் அட்மின். இன்று முதல் கமாவும்.

கமா என்பது பட்டப்பெயர். உதவிப் பக்கங்களில் விட்டுப்போன கமாவையெல்லாம் தேடிப்பிடித்துப் போடுகிற மனிதர். அவருடைய நிஜப்பெயரே, அவர் வீட்டுக்கு முதல்முறை போன அன்றுதான் எனக்குத் தெரியும்.

எந்தப் பொறுப்பையும் கேட்டு வாங்காதவர். போன வாரம் தானாக வந்து அட்மின் வேலையில் பங்கு கேட்டார். மனைவி போய் ஐந்து மாதம் ஆகிறது. மனசை எதிலாவது போட்டுக்கொள்ளட்டும் என்று உடனே சரி சொன்னேன்.

காதில் ஹெட்போன். மறுமுனையில் கமா காத்துக்கொண்டிருந்தார். தட்டு கழுவும் சத்தம் கேட்டது. ஒரே தட்டு, சீக்கிரமே முடிந்துவிட்டது.

நான் வாட்ச்மேனின் பதிவேட்டைத் திறந்தேன்.

வாட்ச்மேன் நான் எழுதிய பாட், தளத்தில் தானாக ஓடும் ஒரு சின்ன நிரல். கண்ட விளம்பரங்களைப் போடுகிறவர்களை விரட்டுவது அவன் வேலை. ஒரே செய்தியை யாராவது மூன்று சேனல்களில் போட்டால், யார் கண்ணிலும் படுவதற்குள் மூன்றையும் அழித்துவிட்டு, போட்டவர் வாயை ஒரு நாளைக்குக் கட்டிவிடுவான். அவனைத் தாண்டி ஓர் எறும்புகூட நுழைய முடியாது என்று நான் பீற்றிக்கொள்ளாத இடமில்லை.

அழித்தவற்றின் பட்டியலில் லாட்டரி, எடை குறைக்கும் மாத்திரை, மறுபடியும் லாட்டரி. நடுவில் கமாவின் பெயர்.

மனுஷன் எதிலோ வசமாக மாட்டியிருக்கிறார் என்று சிரிப்புதான் வந்தது. திறந்து படித்தேன்.

‘ஊரில் இருக்கிறவர்கள் யாராவது உடனே வர முடியுமா? மனைவிக்கு ஆபரேஷன் நடக்கிறது. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், இங்கே தீர்ந்துவிட்டது. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. உங்களைத் தவிர இங்கே யாரையும் தெரியாது.’

கீழே ஊரின் பெயர், மருத்துவமனையின் பெயர். என்னுடைய ஊர். என் வீட்டிலிருந்து மூன்றாவது பஸ் ஸ்டாப்.

ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. பகல் இரண்டு நாற்பது. இரண்டு நாற்பத்தொன்று. மறுபடியும் இரண்டு நாற்பத்தொன்று.

மூன்று சேனல்கள்.

வாட்ச்மேன் அவருக்கு அனுப்பிய பதிலும் அங்கேயே இருந்தது. ‘ஒரே செய்தியைப் பல இடங்களில் போடுவது நம் வழக்கமல்ல. நாளை சந்திப்போம்!’ கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை. அந்தப் பொம்மையை ஆசை ஆசையாகச் சேர்த்தவன் நான்தான்.

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் அட்மின் அறையில் எனக்குப் போட்ட அறிக்கை: ‘அகற்றிய குப்பை மூன்று. வாய் கட்டப்பட்டவர் ஒருவர்.’ அதற்குக் கீழே என் கட்டைவிரல் பொம்மை, சபாஷ் என்று.

கட்டு அவிழ்ந்த பிறகு, மறுநாள் கமா ஒரு வரி போட்டிருந்தார். மனைவி இறந்துவிட்டார் என்று. ஒரே ஒரு சேனலில், அறிவிப்புகளுக்கென்றே இருக்கும் சேனலில்.

விலாசம் கேட்டுக்கொண்டு அன்றைக்கே ஓடினேன். ஓடிப்போய் நான் கேட்டது இதுதான்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க?”

நாலு பேர் முன்னால் கேட்டேன். உரிமையோடு கேட்டேன். கமா என்னைப் பார்த்தார். பிறகு நான் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்போது அந்தக் கட்டைவிரலை மறுபடியும் பார்த்தேன். வாட்ச்மேன் அழித்தது அவருக்குத் தெரியும். என் கட்டைவிரல் தெரியாது. அட்மின் அறைக்குள் அவர் வந்ததும் அதுவும் தெரிந்துவிடும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழித்துவிடத்தான் நினைத்தேன். பழைய பதிவு, இடத்தை அடைக்கிறது, யார் வந்து கேட்கப்போகிறார்கள்? வேறெங்காவது தடயம் இருக்கிறதா என்று அவர் பெயரைப் போட்டுத் தேடினேன்.

ஒன்று வந்தது. வாட்ச்மேனில் ஒரு திருத்தம் செய்யச் சொல்லி கமா அனுப்பியிருந்தது. நாலே நாலு வரி. வாயைக் கட்டுவதற்கு முன்னால் வாட்ச்மேன் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். ‘ஏதாவது அவசரமா? ஆளைக் கூப்பிடட்டுமா?’

தேதியைப் பார்த்தேன். மனைவி போன பன்னிரண்டாம் நாள்.

அதன் கீழே நான் எழுதியிருந்தேன்: ‘விளம்பரக்காரனுக்குச் சிவப்புக் கம்பளம் வேறயா, கமா?’ அத்தோடு கிடப்பில் போட்டவன்தான். அவர் பதிலுக்கு எதுவும் எழுதவில்லை.

“என்ன அட்மின் சார், சத்தத்தையே காணோம்? பழசெல்லாம் படிச்சிட்டீங்களா?”

ஹெட்போனில் கமாவின் குரல். “படிச்சிட்டேன்” என்றேன்.

 கமா கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

“சாவியை நீங்களே வச்சுக்குங்க. அந்த நாலு வரியைச் சேக்கத்தான் கேட்டேன்.”