வலது பக்கக் கதவு

தொம்.

கார் எகிறி விழுந்தது. பின்சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே போனது.

வேகத்தடை. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. மெக்சிகோவின் இந்தப் பகுதியில் ஊருக்கு ஊர் இப்படித்தான். தார் ரோட்டின் மேல் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கிறது.

பொற்கொடி பிரேக்கில் கால் வைப்பதற்குள், பக்கத்து சீட்டில் அப்பாவின் வலது கால் மிதித்து முடித்திருந்தது.

அவர் காலடியில் இருந்தது வெறும் ரப்பர் விரிப்பு.

"ஓட்டுறவங்க வேற, டிரைவர் வேற" என்றார்.

காலையிலிருந்து அவர் பேசியது இவ்வளவுதான். அவள் ஸ்கூட்டி பழகிய நாளிலிருந்து கேட்டு வருவதும் இதைத்தான்.

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஓடும் வண்டியில் ஒரு முறைகூடக் கண்ணயர்ந்ததில்லை. பொற்கொடியின் கல்யாணத்துக்குப் போன வேனில் மாப்பிள்ளை வீடு மொத்தமும் குறட்டை விட்டது. பெண்ணைப் பெற்றவர் மட்டும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, விடிய விடிய அவரோடு சேர்ந்து பிரேக் போட்டுக்கொண்டு வந்தார்.

"எவன் கையிலயோ உசுரக் குடுத்துட்டு எப்படித்தான் தூங்குறானுங்களோ" என்பார்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது கண்ணில் பிரஷர் என்றார்கள். நேரே தெரிந்தது. இரண்டு பக்கமும் இருட்டிவிட்டது. போனது திரும்பாது, இருப்பதும் குறுகிக்கொண்டே வரும் என்றார் டாக்டர்.

டிப்போவில் ஒரு மேஜை கொடுத்தார்கள்.

அதன் பிறகு எந்தக் காரில் போனாலும், பழக்க தோஷத்தில் நேராக வலது பக்கக் கதவுக்குப் போவார். கைப்பிடியில் கை வைப்பார். சட்டென்று எடுத்துக்கொள்வார். பின்சீட்டில் போய் ஏறுவார்.

பொற்கொடியால் எதையும் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தக் கை பின்வாங்குவதைத்தான் பார்க்க முடியவில்லை.

ஹூஸ்டனில் அவள் வீட்டுக்கு வந்தவரிடம், மிச்சப் பார்வை இருக்கும்போதே எதைக் காட்டட்டும் என்று கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய வாரப் பத்திரிகைத் தாளை எடுத்தார். எந்தப் பயணியோ விட்டுப்போனது. பதினோரு வருஷம் பஸ்ஸில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. காட்டுக்கு நடுவே செங்குத்தாக ஒரு கல் கோபுரம். மாயன் காலத்தது.

"இந்தக் கோயிலு."

நேற்று மெக்சிகோ விமான நிலையத்தில் வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்பா வழக்கம்போல வலது பக்கம் நடந்தார். கைப்பிடியில் கை வைத்தார்.

எடுக்கப் போனார்.

"ஏறுங்கப்பா. இங்க அதான் உங்க சீட்டு."

ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் ஊர். அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே மருமகன் வேனில் அவர் பின்சீட்டை விட்டு அசையவில்லை.

ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். தன் அளவுக்குக் கொண்டுவந்தார்.

அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இந்தப் பயணத்துக்கு நன்றி சொல்லியிருப்பாள். கோபுரம் பிறகு வரட்டும்.

இன்று, நெடுஞ்சாலையை விட்டுக் காட்டுக்குள் அறுபது கிலோமீட்டர். ஒரு கார் போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி நின்றன.

பாதி வழியில், வலது பக்கப் புதரிலிருந்து அது இறங்கியது.

அவள் நிறுத்தினாள். குலுக்கல் இல்லை. பாட்டில்கூட உருளவில்லை.

"ஏன் நிறுத்தினே?"

"வான்கோழிப்பா. குஞ்சுங்களோட ரோட்டத் தாண்டுது."

அப்பா தலையை முழுசாகத் திருப்பித் தேடினார். தாய் கடந்து போயிருந்தது. மூன்றாவது குஞ்சுதான் அவருக்கு அகப்பட்டது.

பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

அது மிதிக்கவே இல்லை.

கடைசிக் குஞ்சும் போன பின் அவள் வண்டியை எடுத்தாள்.

கோபுரம் படத்தில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. முதல் படிக்கு முன்னால் அப்பா செருப்பைக் கழற்றினார். வெயிலில் கல் கொதித்தது. காவல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூப்பிய கைகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். செருப்பை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

டோக்கன் மட்டும்தான் கொடுக்கவில்லை.

அப்பா அண்ணாந்து பார்த்தார். படிகள் அவர் முன்னால் நேரே, மேலே மேலே, வானம் வரைக்கும் போயின.

நேரே பார்க்கும் பார்வை அவரிடம் இன்னும் இருந்தது.

வெகு நேரம் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அப்பா தானாகப் போய் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். பெல்ட்டை மாட்டினார். சீட்டைப் பின்னால் சாய்த்தார்.

அப்புறம் இரண்டு காலையும் மேலே தூக்கி, சம்மணம் போட்டுக்கொண்டார்.

பொற்கொடி அந்த ரப்பர் விரிப்பைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

வண்டி நகர்ந்தது. அப்பா கண்ணை மூடினார்.

மூடியபடியே சொன்னார்:

"எறங்குற எடம் வந்ததும் எழுப்பி விடுங்க, டிரைவரம்மா."