நாற்பத்தோராவது பீப்பாய்

"கார் ஓட்டிட்டு வர்றவங்க கார்லதானே இருக்கணும்? இந்தம்மா என்னடான்னா கிளாஸைத் தூக்கி மோந்து பார்க்குறாங்க, மேடம்!"

புதிதாக வந்த மேனேஜர், விஸ்கிக் கிடங்கு வாசலிலேயே முதலாளியம்மாவிடம் போட்டுக் கொடுத்தார்.

கிடங்கில் பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து, "பாட்டிலில் அடைக்கலாம்", "இன்னும் ஊறட்டும்" என்று முப்பது வருஷமாகத் தரம் சொல்கிறவர் அந்தப் பெண்ணின் மாமனார். ரெண்டு வருஷம் முன்பு காய்ச்சலில் விழுந்து எழுந்த பிறகு, மருமகள்தான் காரில் கூட்டி வருகிறாள்.

"முதல்ல இவங்க மோந்துட்டு அவர் காதுல ஏதோ ஓதுறாங்க. அதையே அவர் சத்தமா சொல்றார். கூத்தா இருக்கு!"

முதலாளியம்மா மருமகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நாற்பத்தோராவது பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் எடுக்கச் சொன்னார்.

முன்பு ஷெர்ரி ஒயின் இருந்த ஓக் பீப்பாய் அது. உள்ளே போகும்போது தண்ணீர் மாதிரி இருந்த சிங்கிள் மால்ட் விஸ்கி, பன்னிரண்டு வருஷத்தில் செம்பு நிறம் கண்டிருந்தது.

"கலரைப் பார்த்தாலே தெரியுதே! இந்த வாரமே பாட்டில்ல அடைச்சிடலாம்" என்றார் மேனேஜர்.

"நீங்க சொல்லுங்க ஐயா."

மாமனார் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கிளாஸை மேஜையில் வைத்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. அந்தக் காய்ச்சலோட என் மூக்கு போச்சு. நான் சொன்னதெல்லாம் என் மருமக சொன்னதுதான்."

மேனேஜர் முகத்தில் பல்பு எரிந்தது.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

தயங்கித் தயங்கித்தான் வந்தாள். கிளாஸ் மூக்கருகே போனதும் தயக்கம் போய்விட்டது.

"உலர்ந்த திராட்சை, அத்திப்பழம்... புது மர அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு வாசம். நல்லாத்தான் இருக்கு. ஆனா அடியில தீக்குச்சி உரசின வாடை ஒண்ணு ஒளிஞ்சிட்டிருக்கு, மேடம். இன்னும் ஒரு வருஷம் விட்டா அடங்கிடும்."

முதலாளியம்மா வாங்கி, நிதானமாக முகர்ந்தார்.

"தீக்குச்சியேதான்! இப்படியே அடைச்சிருந்தா நம்ம பேரு நாறியிருக்கும்" என்று சிரித்துவிட்டார். "ஐயா, நீங்க ஓய்வெடுங்க. இனிமே இங்கே தரம் பார்க்கிறது இந்தப் பொண்ணுதான். வாம்மா, வேலைக்கான ஆர்டர் அடிச்சுத் தர்றேன்."

"மாமா... உங்க வேலை..." அவளுக்குக் கண் கலங்கியது.

"அட, போம்மா! குடுக்கும்போதே வாங்கிக்கோ."

பெண்கள் இருவரும் ஆபீஸ் பக்கம் போனார்கள். அசடு வழிய நின்ற மேனேஜரின் தோளில் மாமனார் கை போட்டார்.

"தம்பி, நாளையிலிருந்து இந்த ரோஜா சென்ட் போட்டுட்டு கிடங்குக்குள்ள வராதீங்க. அவ வேலைக்கு இடைஞ்சல்."

"சரிங்க ஐயா" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ... உங்களுக்கு வாசனை தெரியுதா?"

"திரும்பி வந்து ஒன்றரை வருஷமாச்சு" என்று மாமனார் குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லியிருந்தா, என்னோடதைவிடக் கெட்டிக்கார மூக்கு ஒண்ணு எங்க வீட்டு அடுப்படியோட நின்னு போயிருக்கும்!"