மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு

மகன் கல்யாண விருந்துக்கு அழைத்த பெரிய மனிதர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்காததால், முதலாளி தெருவில் அகப்பட்டவர்களைக் கொண்டு நாற்காலிகளை நிரப்பியிருக்கிறார். வாசலிலேயே ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். தொங்குவிளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கிறார்கள். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன் மட்டும் கோட்டைக் கழற்றி, கடையில் மடித்துக் கொடுத்ததுபோல மடித்து, மேசைக்கு அடியில் முழங்கால்மேல் வைத்திருக்கிறான். அவன் சட்டையிலும் நகங்களிலும் பச்சைப் பெயிண்ட். துளி குழம்புகூடச் சிந்திவிடாதபடி கழுத்தை நீட்டிச் சாப்பிடுகிறான். அவனோடு வந்த மச்சான் பக்கத்து நாற்காலியில், கோட்டைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு எலும்பை உறிஞ்சுகிறான்.

ஒவ்வொரு மேசையாகக் கும்பிட்டபடி வரும் முதலாளி, பெயிண்ட்காரன் எதிரே நின்றுவிடுகிறார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கிறது.

“ஏம்ப்பா, நான் குடுத்த துணி உனக்குப் பிடிக்கலையா?”

“ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க. வெள்ளைத் துணி, என் கை பட்டா வீணாயிடும்னு...”

முதலாளி கண்ணைக் காட்ட, காவலாளிகள் இருவர் அவனை அக்குளில் பிடித்துத் தூக்குகிறார்கள். அவன் நழுவும் கோட்டைத் தரையில் விழாமல் பிடித்து, நாற்காலியில் வைத்து, சுருக்கத்தைத் தடவிவிடுகிறான். அதற்குள் இழுத்துப்போகிறார்கள். கதவு திறந்தபோது கேட்ட மழை, மூடியதும் கேட்கவில்லை.

“உன்கூட வந்தவனா?” என்கிறார் முதலாளி மச்சானிடம்.

“யாருன்னே தெரியாதுங்க” என்று சொல்லி, மச்சான் விரலில் வழியும் குழம்பைத் தன் கோட்டின் நெஞ்சில் துடைத்துக்கொள்கிறான்.

முதலாளி அவன் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். “கூச்சப்படாம சாப்பிடுப்பா.”