முதல் வீடு

"'இந்தக் கவுன்டியின் முதல் வீடு.' பலகையில இந்த வரிதான் மேல வரணும் வெர்னா. ரோட்டுல போறவன் கார்ல இருந்தே படிக்கணும்" என்றார் லாயிட் பிரிங்க்மேயர்.

"முதல்ல ஆதாரம் வரட்டும். எழுத்து எவ்வளவு பெருசுன்னு அப்புறம் பேசலாம்" என்றாள் வெர்னா. லாயிட்டோடு பள்ளியில் படித்தவள். பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரிந்தவள் கவுன்டி எனப்படும் அந்த அமெரிக்க மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். வரலாற்றுச் சின்னம் என்று அரசு தரும் பலகை கிடைத்தால் சாலை வளைந்து போகும். கிடைக்காவிட்டால் இந்த வீட்டின் மேலேயே போகும். காலி செய்யச் சொல்லி நோட்டீஸும் வந்துவிட்டது.

"நூத்தி எழுபது வருஷமா இருக்கோம். ஒருத்தன் வந்து காகிதத்தை நீட்டி வெளியே போங்கறான். அவனெல்லாம் மனுஷனா?" காபி ஊற்றியபடியே பொருமினாள் லாயிட்டின் மனைவி ஆர்லீன்.

மேசைமேல், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய எள்ளுப்பாட்டி கத்தரீனாவின் நாட்குறிப்பு. தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடாத குறையாகக் காத்து வந்தார்கள். அதில் ஓர் எழுத்துகூட யாருக்கும் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

வெர்னா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கப்பலில் காய்ச்சல். வழியில் புதைத்த கைக்குழந்தை. மாட்டுவண்டி, மழை, மூன்று நாள் பட்டினி. ஆர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன பாடு பட்டிருக்காங்க பாவம்" என்றார் லாயிட். "சரி, வீடு கட்டினதைப் படி."

வெர்னா பக்கத்தைப் புரட்டினாள். நான்கு பக்கம் முன்னே போய், மறுபடி பின்னே வந்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"என்ன, எழுத்து அழிஞ்சு போச்சா?" என்றார் லாயிட்.

"இல்ல. நல்லாத் தெளிவா இருக்கு."

"அப்ப படியேன். அதை நம்பித்தான் இந்த வீடே நிக்குது."

"இதுல இருக்கிறதை அப்படியேதான் எழுதித் தருவேன் லாயிட். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அப்படியே எழுது. எங்க ஆளுங்க மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

வெர்னா வரியின் அடியில் விரலை வைத்துக்கொண்டு மெல்லப் படித்தாள்.

"'மே பதினொன்று. வீடு எங்களுக்குப் பிடித்துவிட்டது. உறுதியான மரம், நல்ல கிணறு. அதில் இருந்த செவ்விந்தியக் குடும்பத்தை என் கணவர் ஹைன்ரிச்சும் அவர் தம்பியும் ஆற்றங்கரைக்கு ஓட்டிச் சென்றார்கள். ஐந்து வெடிச்சத்தம் கேட்டது. அடுப்பில் அவர்கள் வைத்த சோளக்கூழ் இன்னும் சூடாகத்தான் இருந்தது. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.'"