நாற்பத்தோராவது கிளாஸ்

"நாப்பது கிளாஸ்! நாப்பது கிளாஸ்ல குரங்குகூடக் கார் ஓட்டும்!"

வீட்டு வாசலில் வந்து நின்ற டிரைவிங் ஸ்கூல் காரின் தலையில் ஓங்கித் தட்டினார் கணவர். பிளாஸ்டிக் தொட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டுக்குள்ளும் அதே உத்தியோகம்தான்.

"அவங்களுக்குக் கொஞ்சம் பயம் சார். போகப் போகச் சரியாயிடும்" என்றார் மாஸ்டர்.

"போய்க்கிட்டேதானே இருக்கீங்க! இன்னிக்கு கம்பெனி வரைக்கும் நானும் வரேன். நீங்க வேணும்னே இழுக்கிறீங்கன்னு தெரிஞ்சா, இன்னியோட கிளாஸ் கட்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த வீட்டை விட்டு அவள் தனியாக வெளியே வருவதே இந்த ஒரு மணி நேரம்தான். கடைக்குப் போகத் தடை, அம்மா வீட்டுக்குத் தடை, போன் அவர் சட்டைப் பையில். கார் கற்றுக்கொள்ளச் சொன்னதும் பாசத்தில் இல்லை. குடித்துவிட்டு ஓட்டியதில் அவருடைய லைசென்ஸ் பறிபோய்விட்டது. சம்பளம் கேட்காத டிரைவர் ஒன்று தேவைப்பட்டது.

போன மாதம் ஒருநாள் கையில் கட்டோடு வந்தாள். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. மாஸ்டர், "சரிம்மா, சீட்டை முன்னால தள்ளிக்கோ" என்றதோடு சரி. மனுஷனுக்குக் கிளாஸ் ஓடினால் போதும்போல.

கணவர் பின்சீட்டில் ஏறினார். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அடுத்த கிளாஸுக்கு ஆள் காத்திருக்கும்.

"எடுடி வண்டியை!"

வண்டி தவளை மாதிரி இரண்டு தரம் குதித்து ஆஃப் ஆனது.

"கிளட்ச்மா, கிளட்ச்! ரைட் இண்டிகேட்டர் போடு."

வைப்பர் ஓடியது. சுள்ளென்று அடிக்கிற வெயிலில் காய்ந்த கண்ணாடியைக் கறக்கறக்கென்று துடைத்தது.

"மழை கொட்டுதா உனக்கு?" பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

பதில் சொல்வதற்குள், எதிர்ப்பக்கப் பழக்கடையின் காலிக் கூடை ஒன்று முன்சக்கரத்தில் நசுங்கியது. பழக்கடை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏம்மா, கண்ணு முன்னாடி இருக்கா, பின்மண்டையில இருக்கா? உன்னை நம்பி வண்டியைக் குடுத்தாரே, அவரைச் சொல்லணும்!"

"நல்லாக் கேளுங்க!" கணவருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் பத்து ஹாரன் அலறியது. டிராஃபிக் போலீஸ் அம்மா விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"மறுபடியும் நீயாம்மா? சார், நீங்க இவங்க வீட்டுக்காரரா? உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இவங்களுக்கு லைசென்ஸ் குடுத்தாங்கன்னா நான் வேலையை ராஜினாமா பண்ணிடுவேன்!"

"இதையேதான் மேடம் வீட்டுல நான் தினமும் சொல்றேன். மரமண்டை!"

ஒரு தெருவே சேர்ந்துகொண்டு ஏசினால் யாருக்குத்தான் கை வரும்? அவள் கியரைப் பார்த்தபடி குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

கம்பெனி வாசலில் இறங்கும்போது கணவருக்குச் சட்டையெல்லாம் வியர்வை. முகத்தில் மட்டும் அப்படியொரு திருப்தி.

"மாஸ்டர், உங்க மேல தப்பே இல்லை. இதுக்கு மேல்மாடி காலி. இன்னும் நாப்பது கிளாஸ் எடுங்க, பார்ப்போம்."

கேட்டில் நின்ற வாட்ச்மேனிடமும் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

"போயிட்டாரா?" மாஸ்டர் திரும்பாமலே கேட்டார்.

"போயிட்டாருண்ணே."

வாசலில் நின்ற இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரே வளைவில் ரிவர்ஸ் எடுத்து வண்டியைத் திருப்பினாள் அவள். லாரி டிரைவரே எட்டிப் பார்த்தார்.

"நடுவுல சிரிச்சுட்டியேம்மா! எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு."

"ராஜினாமான்னதும் தாங்க முடியலைண்ணே. எனக்கு லைசென்ஸ் வந்தப்போ முதல் ஸ்வீட்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டதே அவங்கதானே!"

பதிமூன்றாவது கிளாஸிலேயே லைசென்ஸ் வாங்கியவள் அவள். மிச்சம் இருபத்தேழு கிளாஸும் இலவசச் சட்ட உதவி மையத்து வாசலில்தான் நடந்தன.

"கோர்ட்டுக்கு நேரமாயிடுச்சாண்ணே?"

"பதினொன்னுக்குத்தான் உன் பாதுகாப்பு மனுவைக் கூப்பிடுவாங்க. வக்கீலம்மா வாசல்ல நிக்கிறாங்க. நான் ஓட்டினா அரை மணி. நீ ஓட்டு, இருபது நிமிஷத்துல போயிடலாம்."

"இன்னிக்கு அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா..."

"உத்தரவு உன் கையில இருக்கும். அதைக் காட்ட உன்கூட போலீஸ் இருக்கும். நீ ரோட்டைப் பாரு."

சிக்னலில் போலீஸ் அம்மா நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, இவளை மட்டும் கையசைத்து அனுப்பினார்.

பழக்கடை சாத்தியிருந்தது. அக்கா தலையைப் படிய வாரிக்கொண்டு, கைப்பையோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். வண்டி நிற்பதற்குள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு முன்னால் நகர்ந்து அவள் தோளைத் தொட்டாள்.

"உன்னைத் திட்டும்போது நாக்கு கூசிப்போச்சும்மா. உன் வீட்டுக்கு எதிர்த்தாப்புல உக்காந்து நான் பார்த்ததையெல்லாம் ஜட்ஜ்கிட்ட சொல்லும்போது கூசாது."