யாருடைய ரத்தம்

குறைமாதத்தில் பிறந்த மகனின் மலத்தில் ரத்தத்தைக் கண்டதும் செண்பகவல்லி மாமியாரைத்தான் முறைத்தாள். அவள் குளிக்கப் போனபோது குழந்தையோடு இருந்தது அவர் மட்டும்தான்.

"வாயில என்னத்த ஊத்துனீங்க அத்தை?"

"சத்தியமா ஒண்ணும் குடுக்கல தாயி."

டாக்டர் வந்து குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். குடலில் கோளாறு தெரியவில்லை. அந்த ரத்தத்தையே சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை செண்பகவல்லி மாமியாரை ஆஸ்பத்திரி அறைக்குள் விடவில்லை.

"இது குழந்தையோட ரத்தமே இல்லம்மா, பெரியவங்களோடது. பாலோட உள்ள போயிருக்கு. மார்க்காம்பு வெடிச்சிருக்கா?"

ஆமென்று தலையசைத்தாள். சொன்னால் தாய்ப்பாலை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்து வந்திருந்தாள்.

டாக்டர் போனதும் வாசலிலிருந்து குரல் கேட்டது.

"நான் உள்ள வரலாமா தாயி?"

செண்பகவல்லியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.