மானுக்கு எந்தத் தோட்டா?

முகம்மது மீரான் கடைப் படியில் இனிக் கால் வைப்பதில்லை என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் சபதம் செய்திருந்தேன். இன்றைக்கு வைத்தேன். வேறு வழியில்லை. தென்காசியில் தோட்டா விற்கிறவன் அவன் ஒருத்தன்தான். பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் வருவதற்குள் மிச்சக் கடலையையும் மான்கள் மேய்ந்துவிடும். ஏற்கெனவே பாதி வயல் போய்விட்டது. மீதியும் போனால் வருஷத்துக் கஞ்சிக்கு வழியில்லை.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க அண்ணாச்சி."

"வரவேற்பெல்லாம் இருக்கட்டும் வே. என் இருபத்திரண்டாம் நம்பர் ரைபிளுக்குத் தோட்டா எடும். லைசென்ஸ் திரும்ப வந்தாச்சு. புது அதிகாரி நல்ல மனுசன். எவனோ போட்ட மொட்டைக் கடுதாசியை நம்பல."

"மொட்டைக் கடுதாசி இல்ல அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டுத்தான் எழுதுனேன்."

என் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

ஆமாம், அவன்தான். ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், என் மகள் வடிவம்மாளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, 'நல்லகண்ணு கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது' என்று மேலே எழுதிப் போட்டான். நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, ஊரே பார்க்க ஸ்டேஷனுக்கு நடந்தேன். காட்டிக் கொடுத்த பயல்!

அதே மாதம் அவன் ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்து காலைக் கெடுத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். இலஞ்சி முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

இப்போது அந்தக் காலை இழுத்து இழுத்து அலமாரிக்குப் போனான்.

"மெதுவா வே. இது பாறை இல்ல, சிமிண்டுத் தரைதான்" என்றேன்.

அவன் இரண்டு தோட்டாக்களைக் கொண்டுவந்து பலகைமேல் நிறுத்தினான். ஒன்று முனை உருண்டது. மற்றது முனையில் குழி விழுந்தது.

"எதைச் சுடப் போறிய?"

"மானை. புள்ளிமான்."

"ரெண்டுமே மானுக்குப் பத்தாது அண்ணாச்சி. உருண்டது தைச்சா மான் நிக்காது. மலையேறிப் போய் நாலு நாள் கிடந்து சாவும். குழி முனை உள்ள போய் விரியும். ஆனா எலும்புல பட்டா அதுவும் சிதறிப் போவும்."

"நீரு தோட்டா விக்கீரா, இல்ல மானுக்கு வக்கீலா?"

"தப்பிப் போற குண்டைப் பத்தியும் கேக்கணும்லா?"

"என் குண்டு தப்பாது."

"ஒண்ணு கூடவா?"

இடுப்பிலிருந்த அட்டை டப்பாவை எடுத்து ஒரு சீவலை வாயில் போட்டேன். பழைய தோட்டா டப்பா. பல வருஷமாக அதில்தான் சீவல் வைத்திருக்கிறேன்.

"ஒண்ணே ஒண்ணு. லைசென்ஸைப் பிடுங்குனீரே, அதுக்கு முந்தின வாரம். வரப்பு மேல ஒரு கொம்பு மான் நின்னுச்சு. விடியக்காலம், சாரல் வேற. குண்டு எங்கயோ போச்சு."

"எங்கயோன்னா?"

"எங்க போவும்? மண்ணுலதான் கிடக்கும்."

அவன் என் கையிலிருந்த டப்பாவை வாங்கினான். ஓரத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்தில் விரலை வைத்தான்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா?"

"நான் மூணாங் கிளாஸ் வே. அதுவும் தமிழ்ல. நக்கலா பண்ணுதீரு?"

"'இந்தக் குண்டு ஒரு மைல் போகும், பாத்துச் சுடவும்'னு போட்டிருக்கு."

"ஒரு மைலா? இந்தச் சுண்டுவிரல் தோட்டாவா?" சிரித்தேன். "எவனைப் பயங்காட்டுதீரு? குடுக்க இஷ்டம் இல்லன்னா அதைச் சொல்லும். அஞ்சு வருசத்துக்கு முந்தி என் மானத்தை வாங்குனீரு. இப்ப கஞ்சியிலயும் மண்ணைப் போடப் பாக்கீரா?"

கடைக்கு வெளியே நாலு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் குரலை உயர்த்தினேன்.

மீரான் மேஜையறையைத் திறந்து ஒரு மூக்குப்பொடி மட்டையை எடுத்தான். அதைக் கவிழ்த்தான். நசுங்கிப்போன ஈயத் துண்டு ஒன்று பலகையில் உருண்டு, புதுத் தோட்டாக்களுக்குப் பக்கத்தில் நின்றது.

"என்னது வே இது?"

குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"வரப்புக்கு அந்தப் பக்கம் நாலு பர்லாங், அரை மைல் தள்ளி ரோடு போவுதுலா? அன்னைக்குக் காலையில அருவியில குளிச்சிட்டு சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தேன். தொடையில தீயை வச்ச மாதிரி இருந்துச்சு. செங்கோட்டை வைத்தியர்தான் கீறி எடுத்தாரு."

வாயிலிருந்த சீவலை என்னால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"பாறையில விழுந்தேன்னு சொன்னீரு?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வரும். அந்தப் பக்கத்துல மத்தவங்க வச்சிருக்கது எல்லாம் நாட்டுத் துப்பாக்கி. இந்தக் குண்டு போடுத ரைபிள் ஒரே வீட்டுலதான இருக்கு?"

இரண்டு தோட்டாக்களையும் என் பக்கம் தள்ளினான்.

"எது வேணுமோ எடுத்துக்கிடுங்க. பரண் கட்டி, மேல இருந்து தரையைப் பாத்துச் சுடுங்க. தப்புனாலும் மண்ணுக்குள்ள போவும்."

நான் எதையும் தொடவில்லை.

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே வே?"

"கொடுத்தேனே அண்ணாச்சி, லைசென்ஸ் ஆபீசுக்கு. போலீசுக்குக் கொடுத்திருந்தா வடிவம்மாள் கல்யாணம்லா நின்னிருக்கும்."